கேசட்டில் மிச்சமிருந்த நாலு நிமிடம்

வணக்கம் சார்,

உங்கள் இசைக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். மயிலாடுதுறையில் இருக்கிறேன், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகள் கிடைத்தன. மகள் பார்த்துவிட்டு, "இது எல்லாமே ஃபோன்ல இருக்கேப்பா, எதுக்குக் காசு குடுத்து வாங்கினீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த நாளில் மாதம் ஒரு கேசட் வாங்கவே யோசிப்பேன். ஆனாலும் புதிது புதிதாக யாரையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது உலகத்துப் பாட்டெல்லாம் கைக்குள் இருக்கிறது. நான் கேட்பதோ அதே ஐம்பது பாட்டுதான். எதுவும் சுலபமாகக் கிடைத்தால் மதிப்புப் போய்விடும் என்பார்களே, அதுதானா இது? இனிமேல் ஆல்பம் என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா? இந்தக் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? பலவற்றில் நாடாவே வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்), மயிலாடுதுறை

அன்புள்ள நண்பருக்கு,

கேசட்டுகளை இப்போதைக்குத் தூக்கிப் போடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சுலபமாகக் கிடைத்தால் மதிப்புப் போய்விடும் என்று பலரும் எழுதுகிறார்கள். மயிலாடுதுறையில் உட்கார்ந்துகொண்டு நீங்களும் அதைக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். காவிரிக் கரையில் நல்ல சங்கீதம் என்றைக்குக் காசுக்கு விற்றது? நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சாமி புறப்பாட்டில் வாசித்தபோது தெருவில் நின்றவர்கள் யாரும் சீட்டு வாங்கவில்லை. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனைக்கு இன்றும் டிக்கெட் கிடையாது. பந்தலில் இடம் பிடித்து உட்கார்ந்தால் நாள் முழுக்கக் கேட்கலாம். அப்படி ஓசியில் கேட்ட ஜனங்கள்தான் மறுநாள் டீக்கடையில் நேற்றைய காம்போதி ராகத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். இலவசம் அவர்கள் காதைக் கெடுத்துவிடவில்லை.

காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்த ராஜரத்தினம் பிள்ளையை அதற்குள் மடக்கினார்கள். அந்தத் தட்டுதான் ஊர் ஊராகப் போனது, அவர் பேரைச் சொன்னதும் தோடியும் கூடவே ஞாபகத்துக்கு வரும்படி செய்தது. சரி, அது அதன் பெருமை. ஆனால் மாட வீதியில் நின்று கேட்டவனுக்குக் கிடைத்தது கிராமபோன் வைத்திருந்த மிராசுதாருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது, நாமெல்லாம் ஆல்பம் வாங்கிய தலைமுறை என்ற நினைப்பு. உங்கள் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். கம்பெனி கேசட் எத்தனை, ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியது எத்தனை? என் கணிப்பில் இரண்டாவதுதான் அதிகம் இருக்கும். கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கமெல்லாம் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) வந்து இறங்கிய காலத்தில், கும்பகோணத்திலும் மாயவரத்திலும் திருவாரூரிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இந்தக் கடைகள் முளைத்தன. டிடிகேயோ மெல்ட்ராக்கோ ஒரு காலி கேசட் வாங்கிக் கொடுத்து, கூடவே பாட்டுப் பட்டியல் எழுதிய தாளையும் நீட்டினால் "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்பார்கள். கண்ணாடி அறைக்குள் எல்.பி. என்ற பெரிய இசைத்தட்டு சுற்றும். அட்டையில் சிவப்பு மையில் படத்தின் பெயர், நீல மையில் பாட்டு. சட்டப்படி அது திருட்டுத்தான். அன்றைக்கு யாரும் அப்படி நினைக்கவில்லை. இன்று உங்கள் மகள் பிளேலிஸ்ட் என்று சொல்வதைத்தான் நீங்கள் தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். படத்தின் எல்லாப் பாட்டையும் வரிசையாகக் கேட்கும் பழக்கம் இணையம் வருவதற்கு முன்பே அந்தக் கடைகளில் போய்விட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். நீங்கள் கேட்ட ஆறு பாட்டையும் பதிந்தபின் நாலு நிமிடம் மிச்சமிருக்கும். அதை வெறுமனே விட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆகவே கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு இடத்தை அடைப்பார். எதைப் போடுவார்? உங்களுக்குப் பிடிக்குமா என்றெல்லாம் பார்க்கமாட்டார். மிச்சம் இருக்கிற இடத்தில் கொள்ள வேண்டும், தட்டு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிவாஜி பாட்டுக் கேட்டுப் போனவனுக்கு நாகூர் ஹனிபா வந்து சேர்ந்தது அப்படி. டூயட் கேட்டவனுக்குச் சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாட்டு வந்தது. முதலில் எரிச்சல். ஃபார்வேர்ட் பட்டனை அடிக்கடி அமுக்கினால் நாடா சிக்கிக்கொள்ளும் என்ற பயத்தில் ஓடவிடுவோம். பத்தாவது தடவை ஓடும்போது அது நம் பாட்டாகிவிடும்.

கம்பெனி கேசட்டிலும் இதே கதைதான். ஒரு பக்கத்தில் நீங்கள் தேடிப் போன படம், மறுபக்கத்தில் ஓடாத படம் ஒன்று. அந்த ஓடாத படத்துப் பாட்டை இன்றைக்கும் முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் டெல்டாவில் எத்தனை பேர்! படம் வந்ததே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மைக்செட்காரரையும் விட்டுவிடக் கூடாது. எல்.பி.யை விடாமல் காசு கொடுத்து வாங்கியவர் ஊரில் அவர் ஒருவர்தான். கல்யாண வீட்டில் பிள்ளையார் பாட்டில் தொடங்கி அவர் போடுவதைத்தான் நாலு தெருவும் கேட்டாக வேண்டும்.

ஆகவே, அரிதாகக் கிடைத்ததால் நீங்கள் புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் கேட்காததும் உங்கள் காதில் விழ வழி இருந்தது. அந்த வழியைத் திறந்து வைத்தது நாடாவின் நீளமும் கடைக்காரரின் அவசரமும்.

இடையில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று எம்பி3 சிடி வந்தது. அப்புறம் செல்ஃபோன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொண்டோம். அதில்கூடக் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டரை அப்படியே கொட்டினார். வேண்டாததும் சேர்ந்துதான் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகுதான் நடுவில் ஆளே இல்லாமல் போனது.

இப்போது நாடா தீர்வதில்லை. நீங்கள் ஒரு பாட்டைப் போடுகிறீர்கள். அது முடிந்ததும் அடுத்தது தானாக வருகிறது. இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள், நீங்கள் எதைப் பாதியில் தள்ளிவிட்டீர்கள் என்பதை வைத்து அந்த அடுத்த பாட்டு முடிவாகிறது. உங்களுக்குப் பிடிக்க வாய்ப்புள்ளதை அது கொடுத்துக்கொண்டே இருக்கிறது, பிடிக்காததைச் சகித்துக்கொள்ள ஒரு சந்தர்ப்பமும் தருவதில்லை. உங்கள் ஐம்பது பாட்டு ஐம்பதாகவே நிற்பதற்கு இதுதான் காரணம். உங்கள் வயது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நம் பக்கத்துக்கே உரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. எல்.பி. உறையின் பின்பக்கத்தில், கேசட்டின் உள்தாளில்கூட, வயலின் யார், மிருதங்கம் யார் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு கச்சேரியில் வயலின் பிடித்துப்போனால் அடுத்த தடவை அந்தப் பெயரைத் தேடி வாங்குவோம். ஒரு கலைஞரிலிருந்து இன்னொருவருக்குப் போனது அந்தச் சின்ன எழுத்து வழியாகத்தான். அதே பதிவு செயலியில் ஏறும்போது பெரும்பாலும் பாடியவர் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. யூடியூபில் நிலைமை இன்னும் வேடிக்கை. கோயில் புறப்பாடுகளை மணிக்கணக்கில் யாரோ புண்ணியவான்கள் ஃபோனில் படம் பிடித்துப் போடுகிறார்கள். எந்தக் கம்பெனியும் ஒரு நாளும் வெளியிட்டிருக்க முடியாத, சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிக்கிற மல்லாரியெல்லாம் அதில் முழுதாக இருக்கிறது. தலைப்பில் ஊர் பெயர் இருக்கும், சாமி பெயர் இருக்கும், எத்தனையாம் திருநாள் என்பதுகூட இருக்கும். நாகஸ்வரம் யார், தவில் யார் என்று இருக்காது. பெயர் இல்லாததைத் தேடி எடுக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது.

ஆல்பம் வாங்குவது பற்றி. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் நீங்கள் கட்டும் சந்தா நீங்கள் கேட்டவருக்கே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எல்லார் பணமும் ஒன்றாகச் சேர்ந்து, மொத்தம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற கணக்கில் பிரிகிறது. 30 வினாடி ஓடினால் ஒரு தடவை. நாற்பது நிமிடத் தோடியை உட்கார்ந்து முழுக்கக் கேட்டாலும் அதே ஒரு தடவைதான். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பதிவுக்கு அங்கே அந்தப் பங்கும் இல்லை. அன்றைக்குத் தட்டின் மூன்று நிமிடம் ராகத்தைச் சுருக்கியது. இன்றைக்கு இடத்துக்குக் குறைவில்லை, எவ்வளவு நீளமாகவும் ஏற்றலாம். நீளமாக வாசித்தவருக்குத்தான் கணக்கில் நஷ்டம்.

இதனால்தான், கலைஞரிடம் நேராகப் பணம் போகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள் என்று சொல்வேன். கச்சேரி முடிந்து அவர் கையால் விற்றால் சிடியோ பென்டிரைவோ வாங்கிக்கொள்ளுங்கள், போட்டுக் கேட்க உங்களிடம் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதைவிட நல்ல வழி ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்கு எப்படியும் மேளம் வைக்கத்தான் போகிறீர்கள். (செண்டை மேளம் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் கொஞ்சம் எதிர்த்து நில்லுங்கள்.) ஜானவாச (மாப்பிள்ளை அழைப்பு) நேரத்தை அவர்களுக்கு அவசரப்படுத்தாமல் கொடுங்கள். ஒரு நல்ல மைக்கை வாடகைக்கு எடுத்து, அவர்கள் சம்மதத்துடன், அதற்கென்று தனியாகப் பணம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். வாசித்த அத்தனை பேர் பெயரையும் ராகங்களையும் போட்டு, அவர்களுக்குச் சம்மதம் என்றால் பொதுவில் ஏற்றுங்கள். பத்து ஆல்பம் வாங்குவதைவிட அது அவர்களுக்கு உதவும். அடுத்த கல்யாணத்துக்கு யாராவது தேடிக்கொண்டு வருவார்கள்.

உங்கள் ஐம்பது பாட்டுச் சிக்கலுக்கு, அமைப்புகளில் அடுத்த பாட்டு தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டு முடிந்து சத்தம் நின்றால், அடுத்தது என்ன என்று நீங்களே யோசித்தாக வேண்டும். அந்த இடத்தில் மகளை ஒன்று போடச் சொல்லுங்கள், பிடிக்காவிட்டாலும் முழுதாகக் கேளுங்கள். பதிலுக்கு நீங்கள் ஒன்று போடுங்கள்.

கேசட்டுகளுக்கு வருகிறேன். வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை. ஆற்றோர ஊரில், பரணில், அது வராமல் இருந்தால்தான் அதிசயம். அதை அப்படியே பிளேயரில் போட்டால் ஹெட் அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முதலில் மூன்று குவியலாகப் பிரியுங்கள். செயலியில் அதே பதிவு கிடைக்கிற கம்பெனி கேசட்டுகள் ஒன்று. அவை போனால் போகட்டும். ரெக்கார்டிங் கடையில் பதிந்தவை இரண்டாவது. அவற்றின் அட்டைகளை மட்டுமாவது படம் எடுத்து வைத்து, அந்த வரிசையிலேயே ஃபோனில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், கடைக்காரர் திணித்த பாட்டையும் சேர்த்து. மூன்றாவது குவியல்தான் முக்கியம்: வீட்டுக் கல்யாணம், கோயில் திருவிழா, ஊர்க் கச்சேரி என்று யாரோ நேரில் பதிந்தவை. அவற்றுக்கு வேறு பிரதி உலகத்தில் கிடையாது. ஸ்க்ரூ போட்ட கேசட்டாக இருந்தால் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிச் சுத்தம் செய்துவிடலாம். பழைய டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர்களுக்கு இந்த வேலை தெரியும். பிறகு ஒரு டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்துகொள்ளலாம். ராஜரத்தினம் பிள்ளை 1956ல் காலமானார். நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். அவர் காலத்தில் வெளியான தட்டிலிருந்து யாராவது பதிந்து கொடுத்தது உங்களிடம் இருந்தால் தயங்காமல் பொதுவில் ஏற்றலாம்.

கணினி வேலைக்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. அந்த மூன்றாவது குவியலில் உள்ள கல்யாணங்களில் யார் வாசித்தார்கள் என்று தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள் அல்லவா? பூஞ்சை இல்லாத கேசட்டுகளை இந்த வாரமே அவர்களுக்குப் போட்டுக் காட்டிக் கேளுங்கள், குறிப்பாகத் தவில் யார் என்று.

அன்புடன்.