கேள்வி-பதில்: குறைந்த விலையில் கிளாசிக்கல் கிட்டார்

கேள்வி: நாற்பது வயதில் கிளாசிக்கல் கிட்டார் கற்கத் தொடங்குகிறேன். ஒரே நிறுவனத்தின் இரண்டு கிட்டார்களைப் பார்த்தேன். ஒன்றின் பின்பலகை ரோஸ்வுட் என்பதால் ஒலி ஆழமாக இருக்கும் என்று சொல்லி, விற்பனையாளர் கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: மேற்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள், அவரும் தாமாகச் சொல்லியிருக்க மாட்டார். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை நிலைநிறுத்திய ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தே தோரெஸ், 1862-இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகித அட்டையில் அமைத்து, மேற்பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸ் மரத்தைப் பயன்படுத்தி ஒரு கிட்டார் செய்தார். ஒலியின் பெரும்பங்கு மேற்பலகையிலிருந்தே பிறக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்த அந்தக் கருவி, பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பிறகும் பின்பலகையின் பெயரைச் சொல்லி விலையேற்றும் வழக்கம் ஓயவில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். குறைந்த விலைக் கருவிகளில் அந்த ரோஸ்வுட்டும் பெரும்பாலும் ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய ஏடுதான்.

விவரக்குறிப்பில் ‘ஸ்ப்ரூஸ் டாப்’ என்று மட்டும் இருந்தால் ஒட்டுப்பலகை என்றே கொள்ளுங்கள். முழு மரமாக இருந்தால் ‘சாலிட்’ என்ற சொல்லை எந்த நிறுவனமும் எழுதாமல் விடாது. ஒலித்துளையின் விளிம்பில் வெளிச்சம் பட வைத்துப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகைகள் அப்படியே விளிம்பின் தடிமன் வழியே கீழிறங்கினால் அது முழு மரம்; விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு நடு அடுக்கு கிடையாக ஓடினால் ஒட்டுப்பலகை. யமஹா சி40-இன் மேற்பலகை ஒட்டுப்பலகை. யமஹா சிஜி122, கார்டோபா சி5, அல்ஹாம்ப்ரா 1சி ஆகியவற்றில் மேற்பலகை முழு மரம். கூடுதல் பணம் கொடுப்பதென்றால் இந்த வேறுபாட்டுக்குக் கொடுங்கள். கைப்பணம் போதாவிட்டால் சீராகச் செய்த ஒட்டுப்பலகைக் கிட்டாரும் தொடக்கத்துக்குப் போதும். வறண்ட காற்றில் அது எளிதில் வெடிக்காது என்பது அதன் நல்ல குணம். முழு மரத்தை 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்துக் காப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: ஒலி போதவில்லை என்று என் நைலான் தந்திக் கிட்டாரில் எஃகுத் தந்திகளைப் பூட்டினேன். மேற்பலகையில் தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் பெயர்ந்துவிட்டது. உத்தரவாதம் செல்லாது என்று கடைக்காரர் ஏமாற்றுகிறார்.

பதில்: அவர் ஏமாற்றவில்லை. ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. எஃகுத் தந்திகளுடையது 70 கிலோவைத் தாண்டும். பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள், செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. வளர்ந்த பிறகும் உதவட்டும் என்று முழு அளவுக் கிட்டாரே வாங்கிவிடலாமா?

பதில்: கூடாது. முழு அளவுக் கிட்டாரில், கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட் முதல் பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர்; முக்கால் அளவு என்று விற்பவற்றில் பெரும்பாலும் 580-ஐ ஒட்டி இருக்கும். மகளை உட்காரவைத்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் நட்டுக்கு அருகிலுள்ள முதல் ஃபிரெட்டைத் தொடும்போது முழங்கை மடங்கியே இருக்கிறதா என்று பாருங்கள். கை விறைத்து நீண்டால் முக்கால் அளவும் பெரிது, அரை அளவை எடுங்கள். சிறிய கிட்டாரைப் பின்னர் விற்றுவிடலாம்.

கேள்வி: குறையே இல்லை என்ற உறுதியை நம்பி, பழைய கிட்டார் ஒன்றை முன்பின் தெரியாதவரிடம் வாங்கினேன். பிரிட்ஜைச் சுற்றிப் பழைய பசை வழிந்திருக்கிறது, கழுத்தும் வளைந்திருக்கிறது. நான் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம், பழுதை மறைத்தவர் விற்றவர். அவர் எழுதிய செய்திகளையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள், பசைத் தடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள், பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். அதுவரை தந்திகளைத் தளர்த்தி வையுங்கள். எதையும் ஒட்டவோ தேய்க்கவோ முயன்றால் பழியை உங்கள்மேல் போட அவருக்கு வழி கிடைத்துவிடும். கிளாசிக்கல் கிட்டார் பலவற்றின் கழுத்துக்குள் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி கிடையாது என்பதால், வளைந்த கழுத்தைச் சீராக்கும் செலவு கிட்டாரின் விலையையே எட்டக்கூடும். எனவே பாதிப் பணம் தருகிறேன் என்று அவர் இறங்கி வந்தாலும் இசைந்துவிடாதீர்கள்.

பழைய கிட்டார் பார்க்கப் போகும் மற்றவர்களுக்கு: மெல்லிய தாளை பிரிட்ஜின் பின்விளிம்பில் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள், தாள் உள்ளே நுழைந்தால் ஒட்டு விட்டுவிட்டது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியின் உயரம் தடித்த தந்திக்குச் சுமார் 4 மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்கு 3 என்று இருப்பது வழக்கம். சற்று மிகுந்திருந்தால், பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் சேடில் என்ற பட்டையைத் தேய்த்துக் குறைக்கலாம்; தேய்ப்பதற்குச் சேடிலில் உயரமே மிஞ்சாத கருவியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: புதுக் கிட்டார் தினமும் சுருதி விலகுகிறது. குறையுள்ள பொருளா?

பதில்: இல்லை, புது நைலான் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: உறை, தோள்வார், பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் வில்லை), கேப்போ (கழுத்தில் மாட்டும் கவ்வி), ட்யூனர் எல்லாம் சேர்ந்த தொகுப்பு லாபமா?

பதில்: கிளாசிக்கல் கிட்டாரை விரல்களால், நகத்தின் துணையோடு வாசிக்கிறார்கள், பிளெக்ட்ரத்துக்கு அங்கே வேலை இல்லை. உட்கார்ந்து வாசிப்பவருக்குத் தோள்வாரும் தேவையில்லை. ட்யூனர் உதவும். உண்மையில் தேவைப்படும் கால்மணை அநேகமாக எந்தத் தொகுப்பிலும் இருக்காது. அதையும் மலிவாகப் பார்க்காதீர்கள். நான் வாங்கிய ஒன்று, உயரத்தை மாற்றும் பல்வரிசை தேய்ந்து, வாசிப்பின் நடுவே படீரென்று தாழ்ந்துவிடும். இப்போது அதன்மேல் பூந்தொட்டி நிற்கிறது.

கேள்வி: நேற்றே ஒன்றை ஆர்டர் செய்துவிட்டேன். நிறம் மிகவும் பிடித்திருந்தது. நல்ல கிட்டார்தானா?

பதில்: மாடல் பெயரைக்கூட எழுதாமல் கேட்கிறீர்கள். பெட்டி வந்த அன்றே தந்தியின் உயரத்தை அளந்து பாருங்கள்; பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு எனக்கு எழுதிப் பயனில்லை.