விறைத்த விரலைத் தேய்க்கலாமா?

கேள்வி: கனடாவில் எட்மன்டனில் படிக்கும் மகனுக்குப் போன ஜனவரியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது வலக்கை விரல் நுனிகள் விறைத்துக் கட்டை மாதிரிப் போய்விட்டன. நோகவில்லையாம். நான் போனில் சொல்ல, சித்தாலேப பூசித் தேய்த்து, ஹீட்டரில் கையைக் காட்டியிருக்கிறான். பிறகு கொப்புளம் போட்டு, மாறப் பல கிழமை எடுத்தது. இப்போதும் குளிர் பட்டால் அந்த விரல்கள் குத்துகின்றன. திரும்பவும் பனிக்காலம் வருகிறது. இனி வந்தால் என்ன செய்வது? வாழைச்சேனையில் மீனுக்கு ஐஸ் போடும் என் தம்பிக்கும் இது வருமா?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, நீங்கள் சொன்னதை இங்கே எந்தத் தாயும் சொல்லியிருப்பார். வாடைக்காற்றில் கைகால் குளிர்ந்தால் தேய்க்கிறோம், ஒத்தணம் கொடுக்கிறோம், சுகமாகிவிடுகிறது. ஆனால் மட்டக்களப்பில் மார்கழி இரவிலும் சதை உறையும் குளிர் வராது. அதனால் உறைந்த விரலுக்கான கைவைத்தியம் நம்மிடம் இல்லை.

மகனுக்கு வந்தது பனிக்கடி. தோலின் வெப்பநிலை பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழே போனதும் சதைக்குள் பனித்துகள்கள் உருவாகின்றன. உயிரணுக்களில் உள்ள நீரை அவை வெளியே இழுக்கின்றன. இது முதல் அடி. விரல் இளகும்போது சிறு இரத்தக் குழாய்களில் இரத்தம் கட்டி, ஓட்டம் நின்றுபோவது இரண்டாவது அடி. விரல் பறிபோவது பெரும்பாலும் இந்த இரண்டாவதால்தான்.

இதில் ஏமாற்றுவது வலி. முதலில் குத்தும், எரியும். பிறகு ஒன்றும் தெரியாது. பையன்கள் 'சரியாகிவிட்டது' என்று நினைப்பது அந்த நேரத்தில்தான். உறைந்த தோல் வெளிறும் என்று அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். நம் நிறத்துக்கு அது சாம்பல் பூத்தது போலவோ மெழுகு போலவோதான் தெரியும். நிறத்தை நம்பாமல் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: தோல் கடினமாக, உணர்ச்சியில்லாமல் இருந்தால் அது உறைந்திருக்கிறது.

தேய்த்தால் உள்ளே இருக்கும் பனித்துகள்கள் சதையைக் கிழிக்கும். நம்மவர் மட்டும் செய்த பிழை அல்ல இது. 1812இல் நெப்போலியனின் படை மொஸ்கோவிலிருந்து பின்வாங்கியபோது, நெருப்பில் குளிர்காய்ந்த வீரர்களின் கைகால்கள் அழுகியதைப் பார்த்த படை வைத்தியர் லாரே, பனியால் தேய்க்கச் சொன்னார். அந்த ஆலோசனை நூறு வருடத்துக்கும் மேலாக மருத்துவ நூல்களில் இருந்தது. நெருப்பு கூடாது என்று அவர் கண்டது சரி. ஹீட்டரும் அப்படித்தான்: விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். மகனின் கொப்புளங்களில் எத்தனை குளிரால், எத்தனை ஹீட்டரால் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது வெதுவெதுப்பான தண்ணீர். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, 37 முதல் 39 பாகை வரையான நீரில் கையை அமிழ்த்த வேண்டும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை அந்தத் தண்ணீரிலேயே வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்குப் பார்ப்பது போல முழங்கையை வைத்துப் பார்க்கலாம், விறைத்த கையை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது. தண்ணீர் ஆற ஆறச் சூடுதண்ணீர் கலந்துகொண்டே இருக்க வேண்டும், விறைத்த விரல் மேல் நேரே ஊற்றாமல். தோல் சிவந்து மெதுமெதுப்பாக அரை மணி நேரம் வரை எடுக்கும். அப்போது வலி உயிர் போகும். அதற்குப் பயந்து இடையில் கையை எடுத்துவிடக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய் இல்லாதவர் ஐபுப்ரோஃபென் குடிக்கலாம். அது வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். டெங்குக்குப் பயந்து காய்ச்சலுக்கு அதைத் தொடாதே என்று நாம் சொல்வது வேறு விஷயம்.

பிறகு விரலிடுக்குகளில் துணி வைத்துத் தளர்வாகச் சுற்ற வேண்டும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். இன்னொன்று முக்கியம்: இளகிய விரல் மறுபடி உறைந்தால் முதல் தடவையைவிட மோசம். திரும்பக் குளிருக்குள் போக வேண்டிய நிலையென்றால், பாதுகாப்பான இடம் சேரும்வரை இளக்காமல் விடுவதே மேல்.

வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தும் உணர்ச்சி திரும்பாவிட்டாலோ, கொப்புளம் போட்டாலோ, தோல் கறுத்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்தை இளகி 24 மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான் பலன். இலோப்ரொஸ்ட் என்ற மருந்தும் இருக்கிறது. அமெரிக்கா 2024இல் கடுமையான பனிக்கடிக்கு அதை அனுமதித்தது. சந்தேகமென்றால், எட்மன்டன் இருக்கும் ஆல்பேர்ட்டா மாகாணத்தில் 811ஐ அழைத்துத் தாதியிடம் கேட்கலாம்.

ஒருமுறை உறைந்த விரல் பல வருடம் குளிருக்குக் கூசும், மறுபடியும் எளிதில் உறையும். மகனுக்கு இருக்கும் குத்தல் அதுதான். வானிலை அறிவிப்பில் காற்றோடு சேர்த்துச் சொல்லும் குளிர் அளவு −28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். பெருவிரல் தவிர மற்ற நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை நல்லது. சிகரெட் இரத்தக் குழாயைச் சுருக்கும். அதையும் கேட்டுப் பாருங்கள், நேரே சொல்லமாட்டான்.

இனித் தம்பி. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் பூச்சியப் பாகையில் இருப்பதால் தொட்டவுடன் சதையை உறையச் செய்யாது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த கட்டி அதைவிடக் குளிர்; உப்புக் கலந்த ஐஸ் இன்னும் பல பாகை கீழே போகும். அதை வெறுங்கையால் நெடுநேரம் அள்ளினால் பனிக்கடி வரலாம். பூச்சியத்துக்கு மேலான குளிரிலும், மணிக்கணக்கில் ஈரத்தில் ஊறும் கைகால்களின் நரம்பு பழுதாகும். உள்ளே பருத்திக் கையுறை, மேலே இறப்பர் கையுறை, நனைந்தால் மாற்ற இன்னொரு சோடி. நீரிழிவு இருந்தால் வேலை முடிய விரல்களை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அவருக்கு நோவு தெரியாமல் போகலாம். ஐஸைத் தொடாத நேரத்திலும் விரல்கள் வெளிறி, நீலமாகி, பிறகு சிவந்தால் அது வேறு நோய். கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள்.