ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் அடிக்கடி குறுக்கே வந்தால் அணைத்துவிடலாமா?

"செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். வளைவில் கொஞ்சம் மிதித்தாலே ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் வந்து பவரைக் குறைத்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டே ஓட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வண்டி வழுக்குகிறது என்று தெரிந்தால் தானாகவே பிரேக் பிடித்து, பவரைக் குறைத்து, வண்டியைப் பாதையில் நிறுத்தப் பார்ப்பதுதான் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். இப்போதைக்கு அணைக்க வேண்டாம். அது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று முதலில் பாருங்கள். இதே எரிச்சலை எட்டு மாதம் பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

எனக்கு ஊர் நாகர்கோவில். என்னுடையதும் செகண்ட் ஹேண்ட்தான். இரண்டு கதவு, பின்சக்கர டிரைவ், வாங்கும்போது 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஞாயிறு விடியற்காலையில் பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை வரை போய் வருவேன். ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் நிழல். மழை விட்டு வெகு நேரம் ஆனாலும் ரோடு காயாது. தை மாதம் இலை உதிரும்போது வளைவின் ஓரமெல்லாம் ஈர இலை ஒட்டிக் கிடக்கும். அங்கே கண்ட்ரோல் வருவதில் வியப்பில்லை. ஆனால் வெயிலில் காய்ந்த ரோட்டிலும் வந்தது. வளைவு முடிகிற இடத்தில் மிதித்தால் மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு மினுங்கும், காலடியில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், ஆக்சிலரேட்டர் செத்துப்போன மாதிரி இருக்கும். இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பவர் திரும்ப வரும்.

முதல் காரணம் டயரில் இருந்தது. டயர் பட்டனின் (ரோட்டில் படும் வரிப் பள்ளங்களின்) ஆழம் நன்றாக இருந்ததால் நான் சந்தேகப்படவே இல்லை. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். என் பின் டயரில் 1414 என்று இருந்தது. 2014-ஆம் ஆண்டின் 14-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். அதிகம் ஓடாமல் ஷெட்டில் நின்ற வண்டிகளில் இது சகஜம்: டயர் தேய்ந்திருக்காது, ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் பள்ளமே விழவில்லை. அப்படிப்பட்ட டயர் உண்மையிலேயே வழுக்குகிறது. கண்ட்ரோல் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நான்கு டயரையும் ஒரே கம்பெனி, ஒரே மாடலில், கம்பெனி சொன்ன அளவிலேயே மாற்றினேன். பாதித் தொல்லை போயிற்று. மீதிப் பாதி விசித்திரமாக இருந்தது. வலது பக்க வளைவில் சீக்கிரம் வரும், இடது பக்கம் வரவே வராது. நான் காட்டிய மெக்கானிக் அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு வந்தார். விளக்கை அவர் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்தார். "தம்பி, ஸ்டியரிங் கொஞ்சம் சாஞ்சு நிக்கு பாரு. நீ நேரா போறே, வண்டி நீ திருப்புறேன்னு நெனைக்கு" என்றார்.

இந்த இடம்தான் முக்கியம். நீங்கள் எந்தப் பக்கம் போக நினைக்கிறீர்கள் என்பதை ஸ்டியரிங் கோணத்தை அளக்கும் சென்சார் வழியாகத்தான் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலின் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. வண்டி நிஜமாக எவ்வளவு திரும்புகிறது என்பதை வேறொரு சென்சார் சொல்லும், நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியாகப் போய்ச் சேரும். கேட்டதும் நடந்ததும் பொருந்தாவிட்டால் ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும், இன்ஜின் பவரைக் குறைக்கும். 1995-இல் மெர்சிடிஸும் போஷும் சேர்ந்து கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். ஸ்டியரிங்கின் நடுப்புள்ளியே தப்பாகப் பதிவாகியிருந்தால் மற்ற கணக்கெல்லாம் தப்பிப் போகும். வாங்குவதற்கு முன்பு யாரோ சஸ்பென்ஷன் வேலை செய்து, சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, அதாவது அலைன்மென்ட்டை, அரைகுறையாக விட்டிருக்கிறார்கள். முறையாக அலைன்மென்ட் பார்த்து, ஸ்கேனர் மாட்டி அந்த சென்சாரின் பூஜ்யத்தைத் திரும்பப் பதிந்ததும் வலது வளைவும் இடது வளைவும் ஒன்றுபோல ஆகிவிட்டன.

இதை நீங்களே சோதிக்கலாம். நேரான, சமமான ரோட்டில் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். இதற்கென்று ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடி மாதத்தில் போக வேண்டாம். காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்றே வண்டியைத் தள்ளும், ஒன்றும் புரியாது.

அப்புறம் கால் பழக்கம். ஸ்டியரிங் இன்னும் வளைந்திருக்கும்போதே நான் மிதித்துக்கொண்டிருந்தேன். பின்டயர் பக்கவாட்டுப் பிடிமானத்துக்கே தன் பலத்தையெல்லாம் செலவழிக்கிற நேரம் அது. கை எவ்வளவு நேராகிறதோ அவ்வளவு மட்டும் காலைக் கொடுத்தால் விளக்கு மினுங்குவதே அபூர்வம். இது கைவர எனக்கு நாலைந்து ஞாயிறு ஆயிற்று.

இவ்வளவும் செய்த பிறகும் இறுக்கமாக இருந்தால் கண்ட்ரோலைக் கொஞ்சம் தளர்த்தும் ஸ்போர்ட் மோடு இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். பல வண்டிகளில் பட்டனை ஒரு முறை தட்டினால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் (மிதிக்கும்போது சக்கரம் வெறுமனே சுழலாமல் பார்ப்பது) மட்டும் போகும், அழுத்திப் பிடித்தால்தான் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் போகும். சிலவற்றில் முழுதாகப் போகவே போகாது. இது வண்டிக்கு வண்டி மாறும்.

முழுக்க அணைத்து ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் டிராக். நான் அங்கே அணைத்து ஓட்டினேன். ஒரு வளைவில் கொஞ்சம் முந்தி மிதித்தேன், பின்பக்கம் சுற்றி வண்டி வந்த திசையைப் பார்த்து நின்றது. நிற்பதற்குள் மூன்று கார் நீளமாவது வழுக்கியிருக்கும். கீரிப்பாறை ரோட்டில் தார் விளிம்பிலிருந்து முதல் ரப்பர் மரம் வரை ஒரு கார் நீளம்கூடக் கிடையாது. எதிரே பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்க, போகிறவர்கள் சைக்கிளில் வருவார்கள். அந்த ரோட்டில் நான் அதை அணைப்பதில்லை.

இன்று சாயங்காலமே டார்ச் எடுத்துக்கொண்டு அந்த நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். நான்கு டயரிலும் பார்க்க வேண்டும். சில டயர்களில் அது உள்பக்கச் சுவரில் இருக்கும், குனிந்துதான் படிக்க முடியும்.