மரவேலிக்கு எப்போது எண்ணெய் அடிப்பது? தச்சரிடம் சில கேள்விகள்

தக்கலையிலிருந்து: அண்ணாச்சி, தோட்டத்து வேலிக்கு எண்ணெய் அடிக்க ஆடியில்தான் ஆள் கிடைக்கிறார். அடிக்கலாமா?

ஆடி வேண்டாம். நம்ம குமரி மாவட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை. ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். தை பாதியிலிருந்து மாசி முடியும்வரை நல்ல காலம். அப்போதும் மழை பெய்தால், நாலு நாள் வெயில் அடித்த பிறகு தொடங்குங்கள். காய்ந்த பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சிக்கொண்டால் எண்ணெய் கேட்கிறது. முத்து முத்தாக உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் பிடித்திருக்கிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் மட்டும் அடிக்காதீர்கள், உள்ளே இறங்கும் முன்பே மேலே காய்ந்துவிடும்.

கருங்கல்லிலிருந்து: அண்ணே, வேலி முழுக்கப் பூசக் கையில் காசு இல்லை. எதை விடலாம்?

பலகையின் நடுப்பகுதியை விடுங்கள். வேலியைத் தாங்கும் கால் மண்ணைத் தொடும் இடம்தான் முதலில் போகும். அங்கே ஈரமும் உண்டு, காற்றும் உண்டு, பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். நன்றாக ஆழத்தில் காற்று குறைவு, அதனால் பிடுங்கிப் பார்த்தால் பல கால்களில் அடிமுனை உறுதியாக இருக்கும், தரைமட்டத்தில் மட்டும் விரல் வைத்தால் பொடியும். தரைக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு முழம், அதற்குத்தான் முதல் செலவு. அடுத்தது அறுத்த முனைகள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாய் வழியாகத்தான். குடிக்கக் குடிக்க மூன்று கை பூசுங்கள். கால் தலையைச் சரிவாகச் சீவிவிட்டால் மழைத்தண்ணீர் நிற்காது, அதற்குச் செலவே இல்லை.

இழைக்காத பலகை இழைத்ததைவிட நிறைய எண்ணெய் இழுக்கும். வாங்கும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் சும்மா கிடைக்கிறது. அடிக்கலாமா சார்?

பல பேர் அடிக்கிறார்கள், நான் அடிக்கச் சொல்ல மாட்டேன். அதில் உலோகக் கசடு இருக்கும், மழையில் கழுவி மண்ணுக்குப் போகும். பக்கத்தில் கிணறோ மரச்சீனிக் கிழங்கோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். உங்கள் பக்கம் கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் கிடைக்குமே, அதைக் கேட்டுப் பாருங்கள். மரத்துக்குப் பழைய காலத்து மருந்து, சிதலும், அதாவது கரையானும், சட்டென்று நெருங்காது. கறுத்துத்தான் போகும், காயவும் நாள் எடுக்கும். தோலில் பட்டால் பொத்துவிடும். கொட்டை உடைக்கிற அக்காமார் கையில் சாம்பல் பூசிக்கொள்வது அதற்குத்தான். ரப்பர் கையுறை போடாமல் தொடாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: மீந்த வார்னிஷ் இருக்கிறது, போதுமா?

கதவுக்கு வாங்கியதுதானே? வெயிலில் உரிந்து தொங்கும். அதை நாற்காலிக்கு வையுங்கள்.

குளச்சலிலிருந்து: கடற்காற்றில் ஆணியைச் சுற்றிக் கறுப்பாக வழிகிறது. பெயிண்டும் கொப்புளிக்கிறது.

கறுப்பு, ஆணித் துரு மரத்தோடு சேர்ந்து வருவது. துத்தநாகம் பூசிய ஆணி போடுங்கள், முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்குரு. உப்பு படிந்த பலகையை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகுதான் எதையும் பூச வேண்டும். பெயிண்ட் தோல் மாதிரி மேலே நிற்கும், ஈரம் உள்ளே மாட்டினால் கொப்புளிக்கும். கடலோரத்தில் எண்ணெய்தான் லாபம்: உரிக்கும் வேலை இல்லை, தேய்த்துவிட்டு மேலேயே பூசலாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

குலசேகரத்திலிருந்து: வெட்டிய ரப்பர் மரம் நிறைய கிடக்கிறது. கால் நடலாமா?

வேண்டாம் மக்கா. ரப்பரில் வைரமே, அதாவது நடுவிலே இருக்கும் உறுதியான கட்டையே கிடையாது, எல்லாம் வெள்ளை. போராக்ஸ் மருந்தில் ஊறப்போட்டாலும் வீட்டுக்குள் சாமான் செய்யத்தான் ஆகும், வெளியில் மழை அந்த மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அயினி மரமோ, முற்றிய பனையின் கறுத்த வெளிப்புறமோ கிடைத்தால் நடுங்கள். பனையில் உள்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட வேண்டும்.

திருவட்டாரிலிருந்து: கால்கள் அடியில் சிதல் தின்றுவிட்டன. பலகை நன்றாக இருக்கிறது. முழுக்க மாற்றவா?

பலகையைக் கழற்றி வையுங்கள். காலில் உளுத்ததை அறுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கல்லுக்காலோடு போல்ட் போட்டு, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிறுத்துங்கள். அதற்கும் காசு இடிக்கிறதென்றால், மழை தொடங்கும்போது அந்த வரிசையில் கிளுவைக் கம்போ சீமைக்கொன்றைக் கம்போ ஊன்றுங்கள். வேர் பிடித்துத் தடித்த பிறகு பலகையை அதில் கயிற்றால் கட்டுங்கள், ஆணி வேண்டாம். சீமைக்கொன்றைத் தழை ஆட்டுக்கும் ஆகும்.