மருந்து வாங்கி அனுப்புவதா, வண்டியைக் கொடுப்பதா?

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தக் கிடங்குகளும் குளிர்பதன லாரிகளும் இருக்கின்றன. பேரிடர்ப் பகுதிகளின் மருத்துவ உதவிக்காக இயக்குநர் குழு ஒரு தொகையை ஒதுக்கியுள்ளது. அந்தத் தொகைக்கு மருந்துகளை வாங்கி அனுப்பிவிடலாம் என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியான வழியா?

பதில்: மருந்து வாங்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கிடங்கும் குளிர்பதன வண்டியும் அவற்றை ஓட்டத் தெரிந்த ஆட்களுமே பல நிவாரண அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தாலும் உடனே கிடைக்காதவை.

2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் வந்து குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதவை. பல பெட்டிகளில் இருந்த எழுத்து உள்ளூர் மருந்தாளுநர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது. அனுப்பியவர்களின் நோக்கத்தில் குறையில்லை என்றாலும், பிரித்து அடுக்கும் வேலை முழுவதும் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தவர்களின் தலையில் விழுந்தது என்பதுதான் எனக்கு வருத்தம் தருவது.

மருந்தே கொடுத்தாக வேண்டும் என்றால், பெறுபவர் கேட்டதை மட்டும் கொடுங்கள். சில விலக்குகள் தவிர, நாட்டுக்குள் வந்து சேரும்போது காலாவதியாக இன்னும் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்பதும், பெட்டியின் மேல் மருந்தின் பொதுப்பெயர் (நிறுவனம் வைத்த வணிகப்பெயர் அல்லாத பெயர்) இருக்க வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை நெறிமுறைகள். விற்காமல் தேங்கிய சரக்கைத் தள்ளிவிட இந்த நன்கொடையைப் பயன்படுத்த நினைப்பவர்களை உங்கள் குழுவிலேயே தடுத்து நிறுத்துங்கள்.

நிறுவனக் கொடை நன்றாக நடந்ததற்கு மெர்க் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் ஒரு சான்று. பார்வையைப் பறிக்கும் ஒட்டுண்ணி நோயான ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும் அளவு, தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக அது 1987இல் அறிவித்தது. ஆனால் அந்த மாத்திரை நோயாளியின் கையில் சேர்வது ஊர்த் தன்னார்வலர்களால்தான்: எடைபார்க்கும் கருவி இல்லாத ஊரில் அளவுக்கோடுகள் போட்ட ஒரு கம்பின் அருகே ஆளை நிறுத்தி, உயரத்தைப் பார்த்து, எத்தனை மாத்திரை என்று முடிவுசெய்கிறார்கள். அவர்களுக்கான பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் யாராவது செலவு செய்தாக வேண்டும். விளம்பரத்தில் படமாக வராத அந்தச் செலவை ஏற்க முன்வரும் நிறுவனங்கள் குறைவு.

உங்கள் குளிர்பதன லாரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூடு மட்டும் அல்ல, உறைதலும் டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகளைக் கெடுத்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள பணியாளர், உறைந்த பனிப்பொதியை உடனே தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்காமல், காதருகே குலுக்கி உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைத்திருப்பார். உங்கள் ஓட்டுநர்களுக்கும் கிடங்குக் காவலர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வண்டிக்குள் வெப்பப் பதிவுக் கருவி கட்டாயம்.

ஒப்பந்தத்தைப் பேரிடருக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கிடங்கு, எத்தனை வண்டி, எத்தனை நாள், சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒதுக்கிய தொகையைச் சுங்க அனுமதி, ஜெனரேட்டர் டீசல், இறக்குக்கூலி, காலாவதியானவற்றை அழிக்கும் செலவு ஆகியவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். ‘மருந்துக்கு மட்டும்’ என்று நிபந்தனை போட்டால், மருந்து துறைமுகத்திலேயே கிடக்கும்.