கிருபை யாருக்குக் குறைவு?

ஐயா,

ஸ்தோத்திரம். என் அம்மா இரண்டு வருடம் மார்பகப் புற்றுநோயோடு போராடி, போன பிப்ரவரியில் இறந்துபோனார். உபவாச ஜெபம், பொருத்தனை என்று நாங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. அதே நோய்க்கு அதே மருத்துவரிடம் பார்த்த எங்கள் தெரு அக்கா இன்று நலமாக இருக்கிறார். போன ஞாயிறு ஆராதனையில் எழுந்து, "கர்த்தருடைய கிருபையால் பிழைத்தேன்" என்று சாட்சி சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று மாலை ஓர் உறவினர், "உங்கள் வீட்டில் விசுவாசம் குறைவாக இருந்திருக்கும்" என்றார். எங்கள் வாசலுக்கு வரும்போது மட்டும் கிருபை தீர்ந்துபோய்விட்டதா?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த உறவினருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசு கெத்செமனேயில் வேண்டினார்; நீங்கவில்லை. மாம்சத்தில் தைத்திருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தரம் கேட்டார், எடுக்கப்படவில்லை. இவர்களுக்கும் விசுவாசம் குறைவு என்று அவர் சொல்லிப் பார்க்கட்டும். பவுலுக்குக் கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப் போதும்" என்பது. அந்த வசனத்தைக் காலண்டரில் அச்சடிக்கிறோம், ஆட்டோவின் முதுகில் எழுதுகிறோம். கேட்டது கிடைக்காத ஒருவனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது என்பது மட்டும் நம் நினைவில் நிற்பதில்லை.

நாம் 'கிருபை' என்ற சொல்லைப் பெரும்பாலும் 'நல்லவேளை' என்ற பொருளில் செலவழிக்கிறோம். பரீட்சையில் தேறினால் கிருபை, பட்டா கிடைத்தால் கிருபை. நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் அப்படியே பழகிவிட்டால், தேறாதவன் வீட்டில் அது இல்லை என்று ஆகிவிடுகிறது. கிருபையை ரேஷன் பொருளாக்கி, விசுவாசத்தை அதற்குக் கார்டு ஆக்கிவிடுகிறோம்.

உங்கள் ஊர்க்காரருக்குக் கூலிக் கணக்கைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பீடி சுற்றினால் எண்ணிக்கைக்குத்தான் காசு. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சத்தோட்டக்காரன் இந்தக் கணக்கைத்தான் குலைக்கிறான். விடியற்காலையிலிருந்து வெயிலில் வெந்தவனுக்கும் ஒரு நாள் கூலியான ஒரு பணம், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் வந்தவனுக்கும் ஒரு பணம். முதலில் வந்தவன் முறுமுறுக்கிறான். எனக்கு எப்போதும் அவன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோட்டக்காரன் எந்தத் தொழிற்சங்கத்திடமும் தப்பமாட்டான். ஆனால் கடைசியாக வந்தவர்கள் ஏன் அதுவரை சும்மா நின்றார்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலைப் பாருங்கள்: ஒருவரும் எங்களை வேலைக்கு அழைக்கவில்லை. கூலிக்கு நின்று, யாரும் கூப்பிடாமல் மத்தியானமாகிப்போன எவருக்கும் அந்த ஒரு பணத்தின் எடை தெரியும். அது கொசுறு அல்ல. கறிவேப்பிலைக் கொசுறு கேட்கக்கூட முதலில் காய் வாங்கியிருக்கவேண்டும்.

அப்படியானால் விசுவாசத்துக்கு என்ன வேலை? இது நம் மண்ணுக்குப் புதிய கேள்வி அல்ல. சோளிங்கர் மலைப்படி ஏறியவர்கள் பார்த்திருப்பார்கள்: தாய்க்குரங்கு தாவும்போது குட்டி அதன் வயிற்றை இறுகப் பற்றியிருக்கும். பூனையோ தன் குட்டியை வாயால் கவ்விக்கொண்டு போகும். குட்டி எதையும் பிடிப்பதில்லை. குரங்கு வழியான மர்க்கட நியாயம், பூனை வழியான மார்ஜார நியாயம் என்று வைணவர்கள் வடகலை, தென்கலையாக நின்று வாதிட்டது இதைப் பற்றித்தான். கிறிஸ்தவர்களும் சளைத்தவர்களல்லர். மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகிவிட முடியும் என்று போதித்த துறவி பெலாஜியுஸை, கிருபையில்லாமல் முடியாது என்று ஆயர் அகுஸ்தீன் எதிர்த்தார். 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளினார்கள். நான் பூனைக் கட்சி. உங்கள் அம்மாவின் கடைசி நாட்களில் உங்கள் பிடி தளர்ந்திருக்கலாம். தளராவிட்டால்தான் ஆச்சரியம். அதனால் கவ்வியிருந்த வாய் திறந்துவிட்டது என்று நான் நம்பவில்லை.

நம் வேலூரிலேயே ஒருவர் இருந்தார், டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இதற்காகத்தான் அந்த விபத்தே அனுமதிக்கப்பட்டது என்று சிலர் பிரசங்கம் செய்வார்கள். அந்தக் கணக்கும் எனக்கு ஒப்பாது. அவர் கால்கள் திரும்பவில்லை. கிருபை அவரைத் தாண்டிப் போய்விட்டது என்று சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கடைசியாக, என் குற்றம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் பள்ளிகொண்டா அருகே நாங்கள் வந்த கார் கவிழ்ந்தது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி. வருடப்பிறப்பு இரவு ஆராதனையில் எழுந்து, "கர்த்தர் தம்முடைய பிள்ளைகளின் எலும்புகளைக் காக்கிறவர், அவருடைய கிருபையால் உயிரோடு நிற்கிறேன்" என்று கட்டுக்கையோடு முழங்கினேன். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்துப் பெஞ்சைக் கவனித்தேன். அதே சாலையில் அந்த வருடம் மகனைப் பறிகொடுத்த அம்மா அங்கே இருந்தார். அவன் யாருடைய பிள்ளை என்று நான் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு மணி அடித்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது நான் பக்கவாசல் வழியாக நழுவப் பார்த்தேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் வலது கை கட்டில் இருந்ததால் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி தூங்க முடிகிறதா தம்பி? தலையணையைத் தோளுக்கு அண்டக் கொடுத்துப் படு, வலி குறையும்" என்றார்.