பிரிண்டர் அங்கேயேதான் இருக்கிறது, கதவு எண்தான் மாறிவிட்டது

வாசகர் கேள்வி – பதில்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதி பிரிண்டரைப் பற்றித்தான் இருக்கும். டீச்சர் 'ப்ராஜெக்ட்' என்று ஒன்றைச் சொல்லி அனுப்ப, அப்பா அவசரமாக ஒரு வைஃபை பிரிண்டரை வாங்கி வர, அப்புறம் வீடே அதோடு மல்லுக்கட்டும். சேலத்தில் குகை என்கிற பகுதியில் பதினெட்டு வருடம் டி.டி.பி. கடை வைத்திருந்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி என்று அடித்துத் தள்ளிய கை இது. அந்தக் கைப்பழக்கத்தில்தான் பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: அக்கா, போன மாதம் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினோம். கடைக்காரப் பையன் வந்து என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்ததிலிருந்து 'ஆஃப்லைன்' என்றே காட்டுகிறது. மகன் அவன் போனிலிருந்து அடித்தால் மட்டும் வருகிறது. பிரிண்டரை மாற்றித் தரச் சொல்லிக் கடையில் சண்டை போடலாமா?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: சண்டை வேண்டாம். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை. அப்படியானால் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது, வைஃபையிலும் இருக்கிறது. லேப்டாப்தான் வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மாப்பேட்டைக்காரருக்கு லைன் வீடு தெரியாமல் இருக்காது. வைஃபை தரும் அந்தப் பெட்டியை, அதாவது உங்கள் ரூட்டரை, ஒரு லைன் வீட்டுக்காரம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிவரும் போன், லேப்டாப், டிவி, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு கதவு எண் கொடுப்பார். அதுதான் ஐ.பி. அட்ரஸ். 192.168.1.5 என்கிற மாதிரி இருக்கும். பையன் வந்த அன்று பிரிண்டருக்கு 5 கிடைத்திருக்கும். லேப்டாப்பிலும் 'பிரிண்டர் 5-ல் இருக்கிறது' என்று பதிந்துவிட்டது. அப்புறம் கரண்ட் போனது. வீட்டுக்காரம்மாவுக்கு மறதி. பல வீட்டு ரூட்டர்கள் அணைந்து எழுந்தால், யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதையே மறந்துவிடும். கரண்ட் வந்ததும் முந்திக்கொண்டு ஓடிவந்தது டிவியோ போனோ, 5 அதற்குப் போய்விட்டது. பிரிண்டர் சாவகாசமாக எழுந்து வந்து 8 வாங்கிக்கொண்டது. லேப்டாப் இன்னும் 5-ஐத்தான் தட்டுகிறது. பதில் வராததால் 'ஆஃப்லைன்' என்று உங்களிடம் புகார் சொல்கிறது.

போன் மட்டும் எப்படிக் கண்டுபிடித்தது என்று கேட்பீர்கள். அது எண்ணை நம்பியிருப்பதில்லை. 'இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?' என்று வைஃபைக்குள் கூவிக் கேட்கும். பிரிண்டர் 'நான் இருக்கிறேன்' என்று பெயர் சொல்லும். அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியது. முதலில் பிரிண்டரிடமே அதன் எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலான வைஃபை பிரிண்டர்கள் 'நெட்வொர்க் ரிப்போர்ட்' என்று ஒரு தாள் அடித்துக் கொடுக்கும். எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த சிறு புத்தகத்தில் இருக்கும். (அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) அந்தத் தாளில் ஐ.பி. அட்ரஸும், மேக் அட்ரஸ் என்று எண்ணும் எழுத்தும் கலந்த பன்னிரண்டு இலக்கமும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.பி. 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரூட்டரிடமிருந்து பிரிண்டருக்கு எண்ணே கிடைக்கவில்லை, வைஃபையில் மறுபடி சேர்க்க வேண்டும்.

அடுத்து லேப்டாப்பில் செட்டிங்ஸ், அதில் பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ், உங்கள் பிரிண்டர், பிரிண்டர் ப்ராப்பர்டீஸ், அதில் 'போர்ட்ஸ்' என்ற பக்கம். டிக் போட்ட வரியில் இருக்கும் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் வேறாக இருந்தால் திருடன் அகப்பட்டான். 'ஆட் போர்ட்' கொடுத்து, 'ஸ்டாண்டர்டு டி.சி.பி. ஐ.பி. போர்ட்' என்பதைத் தேர்ந்து, புது எண்ணை எழுதுங்கள். இது குழப்பமாக இருந்தால் பிரிண்டரை லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாலும் சரியாகிவிடும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் அடுத்த கரண்ட் கட்டுக்கு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். வீட்டுக்காரம்மாவிடம் போய் '8-ஆம் எண் பிரிண்டருக்கு மட்டும்தான்' என்று எழுதி வாங்க வேண்டும். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலும் ரூட்டரின் பக்கம் திறக்கும். சில ரூட்டர்களில் அது 192.168.0.1 என்று இருக்கும். சரியான முகவரியும் உள்ளே போகும் பாஸ்வேர்டும் ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். உள்ளே கதவு எண் கொடுக்கும் வேலையைக் கவனிக்கும் டி.எச்.சி.பி. என்ற பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டாட்டிக்' என்று ஒன்று இருக்கும். அங்கே மேக் அட்ரஸையும் எண்ணையும் ஜோடி சேர்த்து சேவ் செய்யுங்கள். மேக் அட்ரஸ் பிரிண்டர் பிறக்கும்போதே உடம்பில் குத்திய பச்சை, மாறாது. அதை வைத்துத்தான் வீட்டுக்காரம்மா ஆளை அடையாளம் கண்டுகொள்வார்.

இதை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. ஒரு ஆவணி முகூர்த்த சமயம், நாளை காலை பத்திரிகை 'ப்ரூஃப்' காட்ட வேண்டும், பிரிண்டர் 'ஆஃப்லைன்'. ஆட்டோவில் ஏற்றி ஒரு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போனேன். மூன்று நாள் வைத்திருந்து, 'போர்டு போய்விட்டது' என்று பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே 'ஆஃப்லைன்'. கடைசியில் அந்தத் தாளை அடித்துப் பார்த்தது, அப்போது பாலிடெக்னிக் படித்த என் அக்கா மகன். கடைசி எண் 3 இருக்க வேண்டிய இடத்தில் 11. அவனுக்கு இரண்டு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். போர்டுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

*

கேள்வி: எங்கள் வீட்டில் வைஃபை இரண்டு பெயரில் தெரிகிறது, ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருக்கிறது. பிரிண்டருக்கு அது கண்ணிலேயே படவில்லை. 5ஜி சிம் போட்டால்தான் வருமா?
– ஒரு வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: சிம்முக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சிம்மில் ஜி என்றால் தலைமுறை. ரூட்டரில் 5ஜி என்று போடுவது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் காது கேட்கும். அதில் சேர்த்துவிடுங்கள். போனும் லேப்டாப்பும் 5-லேயே இருக்கட்டும், இரண்டும் ஒரே ரூட்டரில் இருப்பதால் பிரிண்ட் வரும். முதல்முறை ஆப் வைத்துச் சேர்க்கும்போது மட்டும் போனையும் 2.4-க்கு மாற்றிக்கொண்டால் தொல்லை குறைவு. 'கெஸ்ட்' என்று மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால் அதில் மட்டும் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். விருந்தாளியைத் திண்ணையோடு நிறுத்துகிற ஏற்பாடு அது. அங்கே இருப்பவருக்கு வீட்டுக்குள் இருப்பவர் தெரியமாட்டார்.

*

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். பங்களா பழையது, கல் சுவர். ரூட்டர் முன் ஹாலில், என் ஆபீஸ் ரூம் பின்பக்கம், நடுவில் மூன்று சுவர். காபி பறிக்கும் சமயத்தில் வாரக் கூலிப் பட்டியல் அடிக்க உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. இன்னொரு ரூட்டர் வாங்கி வைத்தேன். இப்போது சிக்னல் முழுசாக இருக்கிறது, பிரிண்டர்தான் காணவே காணோம்.
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் ஊர் பங்களாச் சுவரை நான் பார்த்திருக்கிறேன். இதே மாதிரி ஒரு வேலைக்காகப் பதினைந்து மீட்டர் கேபிள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தவள். இருபதாவது வளைவில் கேபிளைத் தவிர வயிற்றில் வேறு எதுவும் மிச்சமில்லை, அதை விடுங்கள். இரண்டடி கனக் கல் சுவருக்கு முன்னால் வைஃபை ஒன்றும் செய்யாது. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4-ஐ விடச் சீக்கிரம் படுத்துவிடும்.

பிரிண்டர் காணாமல் போனதற்குக் காரணம் நீங்கள் வாங்கிய இரண்டாவது ரூட்டர். பழைய ரூட்டரிலிருந்து வந்த கேபிளைப் புதியதில் 'வான்' (WAN) என்று எழுதிய, வெளியிலிருந்து இன்டர்நெட் வரும் துளையில் செருகியிருப்பீர்கள். அப்படிச் செருகினால் அது தனிக்குடித்தனம் போய்விடும். பழைய வீடு 192.168.1 என்றால் புது வீடு 192.168.0 என்று எண் கொடுக்க ஆரம்பிக்கும். பிரிண்டர் ஒரு தெருவில், கம்ப்யூட்டர் இன்னொரு தெருவில். புது ரூட்டரின் செட்டிங்ஸில் பெரும்பாலும் 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' என்று இருக்கும், அதற்கு மாற்றிவிடுங்கள். இனி எண் கொடுக்கிற வேலை பழைய ரூட்டருக்கு மட்டும். இது சிக்னலைச் சுமந்து போடும். எல்லோரும் ஒரே தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், பிரிண்டர் நகராத சாமான், அதற்கு எதற்கு வயர்லெஸ்? உங்கள் பிரிண்டரின் பின்னால் நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் (LAN) துளை இருந்தால் கேபிளையே நேராகச் செருகுங்கள். வைஃபை பிரிண்டர் பற்றிக் கேட்டால் கேபிள் போடச் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். கேபிளில் இருக்கும் பிரிண்டருக்கும் வைஃபையில் இருக்கும் லேப்டாப், போன் எல்லாம் அனுப்பலாம். நூறு மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம். ஆனால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெளியே மரத்தில் கட்டி இழுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் உங்கள் மலையில் விழும் இடிக்கு அந்தச் செம்புக் கம்பி ரூட்டர், பிரிண்டர், கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே நொடியில் காவு வாங்கும். இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

நீங்கள் கேட்காத ஒன்று. பாதியில் நிற்பதற்கு சிக்னல் மட்டும் காரணமாக இருக்காது. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் ஊரில் தாள் ஈரம் இழுத்து வளையும், இரண்டு மூன்றாகச் சேர்ந்து போய் மாட்டும். ட்ரேயில் ஐம்பது தாளுக்கு மேல் வைக்காதீர்கள். மிச்சத்தை வாங்கிய கவரோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

*

கேள்வி: எங்கள் பிரிண்டரில் திரையே இல்லை. வைஃபை பாஸ்வேர்டை எங்கே அடிப்பது?
– கல்லூரி மாணவி, சூரமங்கலம்

பதில்: அடிக்கவே வேண்டாம். ரூட்டரில் 'டபிள்யூ.பி.எஸ்.' என்று பட்டன் இருக்கிறதா பார். இருந்தால் பிரிண்டரின் வைஃபை பட்டனை விளக்கு மினுக்கும்வரை பிடித்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் ரூட்டர் பட்டனை அழுத்து. இரண்டு நிமிடம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தால் சேர்ந்துவிட்டது. ரூட்டரில் பாதுகாப்பை 'டபிள்யூ.பி.ஏ.3' மட்டும் என்று வைத்திருந்தால் இந்தப் பட்டன் வேலைக்கு ஆகாது, பழைய பிரிண்டரும் சேராது. 2-ம் 3-ம் கலந்த அமைப்புக்கு மாற்று. பட்டனே இல்லையென்றால் கம்பெனி ஆப்பைப் போனில் இறக்கி அதன் வழியாகச் சேர்க்கலாம். அப்போது போனில் லொகேஷனை ஆன் செய்யச் சொல்லிக் கேட்டால் பயப்படாதே, அக்கம்பக்கத்து வைஃபையைத் தேட அது வேண்டும்.

*

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பில் போடும் பழைய பிரிண்டர் யு.எஸ்.பி. கேபிள் மட்டும்தான். அதை வைஃபை பிரிண்டர் ஆக்க முடியுமா? கூகுளில் 'கிளவுட் பிரிண்ட்' என்று ஏதோ போட்டிருந்தது.

பதில்: கிளவுட் பிரிண்டை கூகுள் 2020 டிசம்பர் 31-ஓடு மூடிவிட்டது. அதைச் சொல்லிக் கொடுக்கும் வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, நேரத்தை வீணாக்காதீர்கள். பிரிண்டர் மாட்டிய கம்ப்யூட்டரில் 'ஷேர்' கொடுத்தால் மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து அடிக்கலாம், ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் ஓட வேண்டும். எப்படியும் கடை திறந்ததிலிருந்து அது ஓடத்தானே போகிறது? ஓடும் பிரிண்டரை மாற்றாதீர்கள்.

*

கேள்வி: இன்டர்நெட் பில் கட்டாமல் நெட்டை வெட்டிவிட்டார்கள். பிரிண்டரும் நின்றுவிடுமா?
– ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: நிற்காது. ரூட்டர் எரிந்தால் போதும், வீட்டுக்குள் தாள் வரும். கடைசித் தேதி போகும் முன் பில்லைக் கட்டுங்கள், அவ்வளவுதான்.

*

கேள்வி: இரவு எட்டு மணிக்கு எங்கள் பிரிண்டர் தானாக ஒரு தாள் அடித்தது. முழுக்க அணில் படம். வீட்டில் யாரும் அடிக்கவில்லை. மாமியார் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொல்கிறார்.
– ஒரு வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். 'டைரக்ட்' என்று தொடங்கி உங்கள் பிரிண்டர் பெயரோடு ஒரு வைஃபை தெரியும். ரூட்டர் இல்லாமலே அடிக்கப் பிரிண்டர் தானே பரப்பும் வைஃபை அது. சில மாடல்களில் அதற்குப் பாஸ்வேர்டு இருக்காது, அல்லது 12345678 என்றே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பிரிண்டர் என்று நினைத்து உங்களுடையதைத் தொட்டிருப்பார். பிரிண்டர் செட்டிங்ஸில் 'வைஃபை டைரக்ட்' என்பதை அணையுங்கள், வேண்டுமென்றால் பாஸ்வேர்டை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போடுங்கள். அணில் படத்தைக் கிழித்துப் போட்டுவிடாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள், காலையில் நோட்டில் ஒட்ட அந்தப் பிள்ளை தேடும்.